ஆந்திரோமேடாவின் நிறம்

கிள்ளான்
16.2.2025

அன்புள்ள முகுந்தனுக்கு,

நான் நலம். முழங்கால் வலி பழையபடிதான். உன் சர்க்கரை இப்போது எவ்வளவில் இருக்கிறது? வீட்டில் எல்லாரும் சுகமா?

தைப்பூசத்துக்கு மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. வரலாம் என்றுதான் கிளம்பினேன். வழியில் புத்தகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு புத்தக அட்டையில் உன் படத்தைப் பார்த்தேன். கோட்டுப் போட்டிருந்தாய். 'பால்வீதியும் அதற்கு அப்பாலும். ஆசிரியர்: முகுந்தன், பி.எஸ்சி.'

கடையிலேயே நின்று படித்தேன். நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது: 'விண்மீன் மண்டலத்தின் சுருள் கைகள் நம் கைகளைப் போல் நிலையானவை அல்ல. காலை எட்டு மணிக்குச் சுபாங் ஜெயா அருகே விழும் நெரிசலைப் போன்றவை. கார்கள் உள்ளே வரும், வெளியே போகும். நெரிசல் மட்டும் அங்கேயே இருக்கும். விண்மீன்களும் அப்படித்தான் சுருளுக்குள் நுழைந்து வெளியேறுகின்றன.' இதை உன் அண்ணன் எங்கே கண்டுபிடித்தார் தெரியுமா? அதே நெரிசலில், எங்கள் பழைய புரோட்டோன் காரில். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அதில் பதினோரு வருடம், ஷிப்ட் முடிந்து வந்து, பள்ளிப் பிள்ளைகள் தமிழில் படிக்கட்டும் என்று எழுதியவர். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று நீ என்னிடம் சொன்னதை மறந்திருக்க மாட்டாய். "மூணு நோட்டையும் குடுங்க அண்ணி, நான் டைப் பண்றேன். அண்ணன் பேர்லயே புக்கா போட்டுருவோம்லா."

நூற்றெண்பத்து நான்கு பக்கத்திலும் தம்புசாமி என்ற அவர் பெயரைத் தேடினேன். நன்றியுரையில் உன் கார் மெக்கானிக்கின் பெயர்கூட இருக்கிறது.

போன் செய்யாதே. போனில் நீ பேச்சைத் திருப்பிவிடுவாய். தாளில் எழுது.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
9.3.2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு முகுந்தனின் வணக்கம்.

நாங்கள் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்காலுக்கு நல்ல டாக்டர் ஒருவர் இங்கே இருக்கிறார், நீங்கள் சரி என்றால் தேதி வாங்கித் தருகிறேன்.

உங்கள் கடிதம் என்னை மிகவும் வேதனைப்படுத்தியது. நடந்ததைச் சொல்கிறேன். பதிப்பாளரிடம் அண்ணன் பெயரைத்தான் முதலில் சொன்னேன். "கிரேன் டிரைவர் எழுதுன அறிவியல் புக்கை எந்த ஸ்கூல் வாங்கும் பாஸ்?" என்று கேட்டுவிட்டார். புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதானே அண்ணனின் ஆசை? நான் டியூஷன் சென்டர் நடத்துகிறவன். என் பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதைக் கொடுத்தேன். மேலும் அண்ணனின் தமிழ் கரடுமுரடு. வரிக்கு வரி நான் உட்கார்ந்து மெருகேற்ற வேண்டியிருந்தது.

இன்னொன்று. மூன்றாம் நோட்டு ஆந்திரோமேடா விண்மீன் மண்டலத்தைப் பற்றித் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. வாசகர்கள் கேட்கிறார்கள். நான்காம் நோட்டு ஏதாவது உண்டா? இருந்தால் இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிடலாம். சமர்ப்பணப் பக்கத்தில் அண்ணனை நினைவுகூர்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கொழுந்தன்
முகுந்தன்


கிள்ளான்
4.5.2025

அன்புள்ள முகுந்தனுக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புத்தகம் போய்ச் சேர்வதுதான் முக்கியம். போன கடிதத்தில் கோபத்தில் எழுதிவிட்டேன், மனத்தில் வைத்துக்கொள்ளாதே.

நான்காம் நோட்டு இருக்கிறது. முழுக்க ஆந்திரோமேடாதான். அதன் நடுவீக்கத்தில் இருக்கும் கிழட்டு விண்மீன்கள், சுருள்களில் இருக்கும் இளம் விண்மீன்கள், தட்டு போன்ற அதன் உடலைச் சுற்றிக் காவல் நிற்கும் உருண்டை விண்மீன் கொத்துகள், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். கடைசி அத்தியாயத்தில், மோரிப் கடற்கரையில் தொலைநோக்கி வழியாக அதைக் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார்.

அனுப்புவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நீ அண்ணனின் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்திருக்கிறாயா? எனக்கு ஞாபகம் வரவில்லை. பார்த்ததில்லை என்றால் சொல். அந்த அத்தியாயத்தில் மட்டும் அவர் பெயரைப் போட்டு, 'என் அண்ணன் பார்த்தது' என்று எழுது. நோட்டைச் சந்தோஷமாகத் தருகிறேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
8.5.2025

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. இங்கு யாவரும் சுகம்.

என்ன அண்ணி இப்படிக் கேட்டுவிட்டீர்கள்! அண்ணனோடு எத்தனை முறை மோரிப்புக்குப் போயிருக்கிறேன். ஆந்திரோமேடாவை நான் பார்க்காததா? இன்றைக்கும் கண்ணை மூடினால் அப்படியே நிற்கிறது. ஆகவே 'நான் பார்த்தேன்' என்று எழுதுவதில் எந்தப் பொய்யும் இல்லை. வேறொருவர் பார்த்ததாக எழுதினால் வாசகனுக்கு ஒட்டாது.

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆகஸ்டில் அச்சுக்குப் போக வேண்டும்.

என்றும் அன்புடன்
முகுந்தன்


கிள்ளான்
22.6.2025

அன்புள்ள முகுந்தனுக்கு,

சுகம். உன் சுகத்தை எழுது.

நோட்டை அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல் என் கையெழுத்துதான். அவர் அடித்தும் திருத்தியும் எழுதுவதை நான்தான் எப்போதும் நல்ல பிரதி எடுப்பேன். முதல் மூன்றும் அப்படித்தான் இருந்தன, நீ கவனித்திருப்பாய்.

கடைசி அத்தியாயத்தை மட்டும், நீ நேரில் கண்டதோடு ஒப்பிட்டுப் பார். நீ பார்த்தது வேறு மாதிரி இருந்தால் அடித்துவிட்டுச் சரியாக எழுது. இதைத் திரும்பவும் சொல்கிறேன். நீ பார்த்ததோடு ஒப்பிட்டுப் பார்.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
2.11.2025

அன்பு அண்ணிக்கு,

தீபாவளிக்கு வர முடியவில்லை, மன்னிக்கவும். காரணம் இரண்டாம் பதிப்புதான். போன மாதம் வெளியீடு நடந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது! மூன்று இடைநிலைப்பள்ளிகள் நூலகத்துக்கு வாங்கியிருக்கின்றன.

கடைசி அத்தியாயத்தை நானே மேடையில் வாசித்தேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னீர்களே, ஒரு சொல்லும் மாற்றத் தேவைப்படவில்லை. கொஞ்சம் அழகு மட்டும் சேர்த்தேன். 'கண்ணை வைத்தேன். மூச்சு நின்றது. நடுவே பொன் உருண்டை. அதைச் சுற்றி நீலச் சுருள்கள். சுருள்களின் மேல் மாணிக்கம் பதித்ததுபோல் இளஞ்சிவப்புப் பொட்டுகள். விண்மீன்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது.' கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

சமர்ப்பணப் பக்கத்தில் இடம் போதவில்லை. அடுத்த பதிப்பில் கட்டாயம்.

ஒரு நல்ல செய்தி. பந்திங்கில் விஜயன் என்பவர் ஒரு வான்நோக்குக் குழு நடத்துகிறாராம். டிசம்பர் 20, அமாவாசை, மோரிப்பில் நாற்பது பேருக்கு ஆந்திரோமேடாவைக் காட்டப் போகிறார்கள். நூலாசிரியர்தான் தலைமை தாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நீங்களும் வாருங்கள்.

முகுந்தன்


கிள்ளான்
30.11.2025

அன்புள்ள முகுந்தனுக்கு,

உன் பெருமையைக் கேட்டுச் சந்தோஷம். ஒரு சொல்லும் மாற்றத் தேவைப்படவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

என்னால் வர முடியாது. மணலில் நடந்தால் முழங்கால் வீங்கிவிடும். ஆனால் அண்ணனின் தொலைநோக்கியைத் துடைத்து விஜயனிடம் கொடுத்திருக்கிறேன். நீ எத்தனையோ முறை பார்த்த தொலைநோக்கி, உனக்குக் கைவாகாக இருக்கும். கூட்டத்துக்கு முன்னால் நீயே திருப்பிக் காட்டுவாய் என்று விஜயனிடம் சொல்லிவிட்டேன்.

கடற்காற்று சேராது உனக்கு. காதைக் கட்டிக்கொள்.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
22.12.2025

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீங்கள் வரவில்லை அல்லவா, என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன். படித்துச் சந்தோஷப்படுங்கள்.

எட்டரை மணி. வானம் தெளிவாக இருந்தது. நாற்பது பேர் சுற்றி நின்றார்கள், பாதிப் பேர் கையில் என் புத்தகம். விஜயன், "சார், நீங்களே வைங்க சார்" என்றார். தொலைநோக்கியின் கீழ் முனையில் குனிந்து கண்ணை வைத்தேன். இருட்டு. ஒரு பையன் சிரித்தான். "சார், அது அடிப்பக்கம். கண்ணாடி இருக்கிற இடம். மேலே பக்கவாட்டுல பாக்கணும்லா." வெளிச்சம் போதவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். விஜயன் வந்து திருப்பி வைத்தார்.

வரிசையில் முதல் ஆளாகத் தாமரை என்ற பெண் வந்தாள். பந்திங் பள்ளியில் படிவம் நான்கு படிக்கிறாள். என் கடைசி அத்தியாயத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுத்தான் கண்ணை வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"சார், ஒரு புகை மாதிரிதான் தெரியுது. கலரே இல்லையே சார். எனக்குக் கண்ணுல ஏதாச்சும் பிராப்ளமா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "ஆமாம்மா, கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோ" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவள் தன் அப்பாவின் காரை நோக்கிப் போய்விட்டாள்.

அடுத்தவர் பார்த்தார். சாம்பல் நிறம் என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். பத்துப் பேர் பார்த்தபின் விஜயன் சத்தமாகச் சொன்னார். "யார் பாத்தாலும் சாம்பல்தான் சார் தெரியும். கலர் எல்லாம் கேமராவுக்குத்தான். மணிக்கணக்கா வெளிச்சத்தைச் சேத்து வைக்கும். நம்ம கண்ணு மங்கல்ல கலர் பாக்காது. ஒரு தடவை பாத்தவனுக்குக்கூட இது தெரியும். நீங்க உண்மையிலேயே பாத்திருக்கீங்களா சார்?"

ஒருவன் அதைப் போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது ஊரெல்லாம் அந்த வீடியோதான்.

அந்தப் பக்கத்தை எழுதியது அண்ணன் இல்லை. அண்ணன் இப்படி ஒரு தவறு செய்ய மாட்டார். நீங்கள் தானே?

முகுந்தன்


கிள்ளான்
29.12.2025

அன்புள்ள முகுந்தனுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க மாட்டாய் என்று தெரியும்.

ஆமாம், நான்தான்.

நோட்டில் அவர் சொற்கள் இருந்த இரண்டு தாளை எடுத்துவிட்டு, அதே மையில், அதே அகலத்தில் வேறு இரண்டு தாள் எழுதிச் சேர்த்தேன். ஏப்ரல் முழுவதும் அதற்காகப் படங்களைப் பார்த்துப் பார்த்து நிறங்களைக் குறித்துக்கொண்டேன். உன்னைக் கூப்பிடச் சொல்லி விஜயனிடம் கேட்டதும் நான்தான். அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

அவர் உண்மையில் எழுதியது இது. 'முதன்முறை பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆந்திரோமேடா ஒரு சாம்பல் தீற்றலாகத்தான் தெரியும். சுருள் இல்லை, நிறம் இல்லை, தனி விண்மீன் ஒன்றும் இல்லை. என் மனைவி பார்த்துவிட்டு, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பி வந்து மறுபடியும் பார்த்தாள். அந்தத் தீற்றலுக்குள் பல்லாயிரம் கோடி சூரியன்கள் இருக்கின்றன என்று சொன்னேன். அந்த வெளிச்சம் கிளம்பி இருபத்தைந்து லட்சம் வருடம் ஆயிற்று என்றேன். கண்ணை எடுக்கவே இல்லை.'

இதைத்தான் உன்னிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். இது என் வாழ்க்கை. இதில் 'நான்' என்ற இடத்தில் நீ வந்து நிற்பாய், 'என் மனைவி' என்ற இடத்தில் யார் நிற்பார்கள் என்று நினைத்தபோது என் உடம்பு எரிந்தது.

பார்த்ததில்லை என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் தப்பித்திருப்பாய். மே மாதம் கேட்டேன். ஜூனில் இரண்டு முறை சொன்னேன். குழியை மூடி வைக்கவில்லை முகுந்தன், எச்சரிக்கைப் பலகை வைத்துத்தான் வெட்டினேன்.

அந்த வீடியோவைத் தினமும் பார்க்கிறேன். நீ அடிப்பக்கம் குனிகிற இடம் வந்ததும் நிறுத்தி, திரும்ப ஓட விடுகிறேன்.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
14.1.2026

அண்ணிக்கு,

பொங்கல் வாழ்த்துச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

பதிப்பாளர் எல்லாக் கடைகளிலிருந்தும் புத்தகத்தைத் திருப்பி எடுத்துவிட்டார். பள்ளிகளும் திருப்பி அனுப்பிவிட்டன. டியூஷனில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். நீங்கள் விரும்பியது நடந்தது. நான் அண்ணனின் பெயரைத் திருடினேன். இதை முதல்முறையாகத் தாளில் எழுதுகிறேன்.

ஆனால் இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தாமரையின் அப்பா போன வாரம் போன் செய்தார். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதில் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டதாம். தனக்கும் தொடங்கிவிட்டது என்று இவள் நினைக்கிறாள். இரண்டு கிளினிக்கில் காட்டிவிட்டார்கள், கண் நன்றாகத்தான் இருக்கிறது. நம்ப மறுக்கிறாள். "புக்ல கலர் இருக்குனு போட்டிருக்கே, எனக்கு மட்டும் ஏன் தெரியல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். விஜயன் உண்மையைச் சொல்வதற்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். நான் பேசினால் மறுபடியும் ஏமாற்றுகிறேன் என்கிறாள். வீடியோவையும் காட்டினார்களாம். பெரியவர்கள் சண்டையில் ஒருவரை ஒருவர் பொய்யன் என்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்கிறாளாம்.

கண்ணை டெஸ்ட் பண்ணச் சொன்னது நான். கலர் எழுதியது நீங்கள்.

அவர்கள் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முகுந்தன்


கிள்ளான்
2.2.2026

முகுந்தனுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் பந்திங்குக்குப் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீடு நல்ல தூரம். முழங்கால் வீங்கியது. பரவாயில்லை.

கதவைத் திறந்ததே அந்தப் பெண்தான். உட்காரச் சொன்னாள். எடுத்து வைத்த இரண்டு தாளையும் கையோடு கொண்டுபோயிருந்தேன், அவருடைய சொந்தக் கையெழுத்து வரைவையும். படித்துக் காட்டினேன். சாம்பல் தீற்றல் என்ற இடத்தில் நிறுத்தி, "நீ பார்த்தது இதுதானே?" என்று கேட்டேன். தலையாட்டினாள். "உனக்கு ஒன்றுமில்லை. நீ சரியாகத்தான் பார்த்தாய். பெரியவர்கள் நாங்கள்தான் பொய் சொன்னோம்" என்றேன்.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பதினாறு வயதுப் பெண், முகத்தில் கோபம்கூட இல்லை. "ஆன்டி, அந்த அங்கிள் பதினோரு வருஷமா உண்மையை மட்டும்தான் எழுதுனாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவரு புக்ல மொத மொதல்ல பொய் எழுதுனது நீங்களா?"

தாள்களை மடித்துப் பையில் வைத்தேன். அவள் அப்பா தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடிக்க முடியவில்லை.

உன்னை அவமானப்படுத்தியதற்கு இன்றும் எனக்கு வருத்தமில்லை. இதை நன்றாகப் படித்துக்கொள். ஆனால் நீ திருடியது அவருடைய பெயரை. அவர் சொல்லாததை அவர் சொன்னதாக எழுதியவள் நான். இந்த இரண்டையும் எடை போட்டுப் பார்க்கிறேன். என்னுடையது இலேசாக இல்லை.

புத்தகம் மறுபடி வர வேண்டும். பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். அட்டையில் தம்புசாமி என்ற பெயர் மட்டும் இருக்கும். பட்டம் எதுவும் வேண்டாம். 'துறைமுகக் கிரேன் ஓட்டுநர்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். பதிப்பாளர் மறுக்கவில்லை, கிரேன் டிரைவர் புத்தகத்தை எந்த ஸ்கூல் வாங்கும் என்று கேட்டதாகவே அவருக்கு ஞாபகம் இல்லையாம். முன்னுரையில் இரண்டு பக்கம். ஒன்றில் நீ செய்ததை நீயே எழுத வேண்டும். மற்றதில் நான் செய்ததை நான் எழுதுகிறேன். நீ மெருகேற்றிய வரிகள் எல்லாம் போய், அவருடைய கரடுமுரடான தமிழ் திரும்ப வர வேண்டும்.

அதற்கு நீ டைப் செய்த கோப்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைக் கொண்டு வா. நான் நோட்டைப் படிப்பேன், நீ வரிக்கு வரி திருத்த வேண்டும். ஐந்தாறு ஞாயிறு ஆகும். மாலை நான்கு மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்பிவிடு.

வரும்போது வெளியில் சாப்பிட்டுவிட்டு வா. என் வீட்டில் உனக்கு இலை போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

மலர்